கலசத்துக்கு விளக்கு வேண்டுமா?

2023 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு இரவு. பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தோம். என் தமிழ் வகுப்பில் படிக்கும் பத்து வயதுப் பையன் ஓடி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தான். "டீச்சர், கோபுரத்துக்குக் கீழே ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனாலும் பறக்க மாட்டேன் என்கிறது."

போய்ப் பார்த்தேன். புறாவைவிடச் சற்றுப் பெரிய பறவை. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, தலையில் தொப்பி வைத்தது போலக் கருமை. வளைந்த கறுப்பு அலகின் மேல் இரண்டு சின்னக் குழாய்கள். நீண்ட இறக்கைகளைச் சிமெண்ட் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு, நாங்கள் பொருத்திய வெள்ளை விளக்குகளின் வெளிச்சத்தில் கண்ணை மூடி மூடித் திறந்தது. கையில் எடுத்தபோது மீன் எண்ணெய் போல ஒரு வாடை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

நான் இருப்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவு. இங்கே அதைக் கிரியோல் மொழியில் 'தாய்-வான்' என்பார்கள். காற்றை அறுத்துச் செல்வது என்று பொருள். பாரோ பெட்ரல் என்பது புத்தகப் பெயர். உலகில் வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. இந்தத் தீவின் நடுவே, கிரான் பெனார் மலையும், 3,000 மீட்டருக்கு மேல் நிற்கும் பித்தோன் தே நேஜும்தான் அதன் பிறந்த வீடு. ஏப்ரல் மாதத்தில் குஞ்சுகள் முதன்முறையாகக் கூட்டை விட்டுக் கிளம்பும். இரவில்தான் கிளம்பும். மலைக்குக் கீழே எங்கே வெளிச்சமான பரப்பு தெரிகிறதோ அதுவே கடல் என்பது அவற்றின் கணக்கு. நிலவும் விண்மீன்களும் பட்டு மின்னுவது கடல் ஒன்றுதான் என்று இருந்த காலம் வரை அந்தக் கணக்கு பிழைத்ததில்லை. எங்கள் ஊர் சேன் லூயி, சிலாவோஸ் பள்ளத்தாக்கு கடலை நோக்கித் திறக்கும் வாயில் இருக்கிறது. அன்று முன்னிரவில் நிலவு இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்த குஞ்சுக்கு எங்கள் கோபுரம்தான் கடலாகத் தெரிந்திருக்கிறது. சமதரையில் விழுந்துவிட்டால் அதால் தானாக எழும்பவும் முடியாது.

வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டியைக் காலி செய்து அதற்குள் வைத்தோம். தீவின் பறவையியல் சங்கமான செயோரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் சொன்ன இடத்தில் ஒப்படைத்தோம். அந்த ஏப்ரலில் மட்டும் எங்கள் மதிலுக்குள் ஐந்து குஞ்சுகள் விழுந்தன. அவற்றில் ஒன்று உயிரோடு இல்லை. உயிர்களைக் காக்கும் மாரியம்மன் வாசல் அது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

எனக்கு அதில் பங்கு இருந்தது. நான் காரைக்காலில் பிறந்தவள். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இங்குள்ள கோயில்கள் பலவும் பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு செய்த சங்கங்களால் நடப்பவை. எங்கள் கோயில் சங்கத்துக்கு நான் செயலாளர். 2022இல் குடமுழுக்குக்கு முன்னால் கோபுர விளக்குப் பேச்சு வந்தபோது, கட்டடக் கலைஞர் ஒரு யோசனை சொன்னார்: "இதற்கென்றே ஒளி வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்துக் கேளுங்கள்." விளக்கு மாட்டுவதற்கு ஒரு படிப்பா, அதற்கு ஒரு சம்பளமா என்று மறுத்துப் பேசியவள் நான். அந்தப் பணம் கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஐந்தும் பத்துமாக உண்டியலில் போட்ட பணம். வீணாக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் ஒருவர் சுவரின் நீள அகலத்தைக் கேட்டுவிட்டு, 200 வாட் ஃபிளட்லைட் 14 என்று எழுதிக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் இரண்டு நாளில் மாட்டிவிட்டுப் போனார். மாலை ஆறு முதல் காலை ஐந்து வரை எரிந்தது. ஊரே பார்த்தது. எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் முதல் வாரத்திலேயே உறுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதியும் அவருடைய ஆட்களும் மாதக்கணக்கில் சாரத்தின் மேல் உட்கார்ந்து சுதையில் ஒவ்வொரு விரலாகப் பிடித்து, வண்ணம் தீட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பகலில் ஒவ்வொரு பொம்மையும் பேசும். இரவில் எல்லாம் ஒரே வெள்ளை. நேர் எதிரே நின்று அடிக்கிற வெளிச்சத்தில் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மூக்கு ஏது, மடிப்பு ஏது? கீழ்நிலையில் இருக்கும் காவல் தெய்வங்களின் மேல் தரையிலிருந்து வெளிச்சம் ஏறியதால் புருவத்தின் நிழல் நெற்றியில் விழுந்து முகமே விகாரமாகத் தெரிந்தது. குங்குமச் சிவப்பு காய்ந்த செங்கல் நிறமாகிவிட்டது. இதற்கெல்லாம் மேலாக, வாசற்படி. விளக்குகள் கண்ணில் குத்தியதால் படி எங்கே முடிகிறது என்று வயதானவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பாட்டிமார்கள் தடுக்கி விழுந்தார்கள். இவ்வளவு வெளிச்சம் இருந்தும் விழுகிறார்களே என்று நாங்கள் இன்னொரு விளக்கு மாட்டினோம்!

பறவைகள் விழுந்த பிறகுதான் ஓர் ஒளி வடிவமைப்பாளரைத் தேடிப் போனேன். பக்கத்து ஊரான சேன் பியேரில் இருந்தார். இந்தத் தீவிலேயே பிறந்த பெண். கொள்ளுப்பாட்டி தமிழ் பேசியவர், இவருக்கு 'அம்மா', 'சாமி', 'கற்பூரம்' என்று சில சொற்கள்தான் மிச்சம். நாங்கள் பிரெஞ்சிலும் கிரியோலிலும் பேசிக்கொண்டோம். என்னை மட்டும் கடைசி வரை 'அக்கா' என்றே அழைத்தார்.

முதல் நாள் வரும்போது கையில் ஒரு நோட்டுப்புத்தகமும், வெளிச்சத்தை அளக்கும் உள்ளங்கை அளவு லக்ஸ் மீட்டரும் தவிர எதுவும் கொண்டுவரவில்லை. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, தேரடி மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருட்டியதும் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். குடமுழுக்குக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கோபுரத்தை வானத்தின் பின்னணியில் கறுப்பாகப் பார்த்தேன். அடேயப்பா, எத்தனை பெரியது! பிறகு அவர் கேட்ட கேள்விகள் எதுவும் விளக்கைப் பற்றியவை அல்ல. "இரவில் இதை யார், எங்கிருந்து பார்க்கிறார்கள்? செருப்பை எங்கே விடுகிறார்கள்? குருக்கள் தீபாராதனை காட்டும்போது எந்தப் பக்கம் நிற்பார்? மூன்றாம் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் எது? எட்டு மணிக்கு மேல் யார் வருவார்கள்?"

இந்தக் கேள்விகளைக் கேட்பது வேறு யாருடைய வேலையும் அல்ல என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கட்டடக் கலைஞர் கல்லையும் சிமெண்டையும் பார்க்கிறார். எலக்ட்ரீஷியன் கம்பியும் சுவிட்சும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். கடைக்காரர் எத்தனை விளக்கு என்று பார்க்கிறார், கூட விற்றால் அவருக்குக் கூட லாபம். மனிதக் கண் அங்கே நின்று எதைப் பார்க்கப்போகிறது என்று யோசிக்க ஒருவரும் இல்லை. ஒளி வடிவமைப்பாளரின் தொழில் அது. அவர் விளக்கு விற்பதில்லை. எந்தக் கம்பெனியிலும் கமிஷன் வாங்குவதில்லை. பதினான்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து போதும் என்று சொன்னாலும் அவருக்கு நஷ்டமில்லை. சர்வதேசச் சங்கம் 1969 முதல் இருக்கிறது, பிரான்சில் அவர்களுக்கென்று ஒரு சங்கம் 1995 முதல் இருக்கிறது. லியோன் நகரம் தன் கட்டடங்களுக்கும் தெருக்களுக்கும் ஒளித்திட்டம் வகுத்தது 1989இல். நான்தான் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்கர். நியூயார்க்கில் 1958இல் முடிந்த சீகிராம் கட்டடத்தின் ஒளி அவருடையது. ஒளியை அவர் மூன்றாகப் பிரித்தார். சூழ்ந்து பரவும் ஒளி ஒன்று, இங்கே பார் என்று ஓர் இடத்தைக் காட்டும் ஒளி ஒன்று, கண்ணுக்கு விருந்தாக மினுக்கும் ஒளி ஒன்று. வடிவமைப்பாளர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் குருக்கள் ஐயா குறுக்கே பேசினார். "இதில் புதிது என்ன? பிரகாரத்து வெளிச்சம், கருவறைத் தீபம், அம்மன் மூக்குத்தி." அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "மூக்குத்தியை எனக்குக் காட்டுங்கள்" என்றார்.

கருவறைக்கு முன் போய் நின்றோம். உள்ளே ஒரு ட்யூப் லைட். யார் மாட்டினார்கள் என்று எவருக்கும் நினைவில்லை. நான் வந்த நாள் முதல் அது அங்கே இருக்கிறது. அம்மன் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. மூக்குத்தி தெரியவில்லை. ட்யூப் லைட்டை அணைத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, கறுப்புதான். "பேசாமல் நில்லுங்கள்" என்றார் அவர். நின்றோம். முதலில் இரண்டு நெய் விளக்குகளின் சுடர் தெரிந்தது. பிறகு பட்டுப்புடவையின் கரை. பிறகு கன்னம். குருக்கள் ஐயா கற்பூரத் தட்டை எடுத்து மெல்ல மேலே கொண்டுபோனார். சுடர் அசைந்த அந்த நொடியில் மூக்கின் இடது பக்கத்தில் ஒரு பொட்டு நெருப்பு தெறித்தது. என் பக்கத்தில் நின்ற பொருளாளர் அண்ணன் "தாயே" என்றார். முப்பது வருடமாகத் தினமும் கோயிலுக்கு வருகிறவர் அவர்.

காரணத்தை அந்தப் பெண் பிறகு சொன்னார். கல் மின்ன வேண்டுமானால் ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து வர வேண்டும். நீளமான குழலிலிருந்து எல்லாப் பக்கமும் பரவி வரும் ஒளி எதையும் மின்ன விடாது. கண்ணும் இருட்டுக்குப் பழக நேரம் கேட்கும். முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெயில் கொளுத்தும் வெளி வாசல், நிழலான மண்டபம், அதைவிட மங்கலான அர்த்தமண்டபம், கடைசியில் ஒரே ஒரு தீபம் என்று நம் கோயில்கள் படிப்படியாக இருட்டிக்கொண்டே போவது கண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் ஏற்பாடு. வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கித்தான் ஜோதியைக் காட்டுகிறார்கள். காரைக்காலில் வளர்ந்த எனக்கு இது தெரியாததா? தெரிந்திருந்தும், ஒரு ட்யூப் லைட் அத்தனையையும் கெடுத்துவிட்டதைக் காணாமல் இருந்திருக்கிறேன். அந்த ட்யூப் லைட் மறுநாளே கழற்றப்பட்டது. இப்போது அர்ச்சனைச் சீட்டு படிக்க குருக்களின் தோள் பக்கம் மட்டும் மறைவாக ஒரு சிறு விளக்கு, அவ்வளவுதான்.

கோபுரத்துக்கு இரண்டு இரவு ஒத்திகை பார்த்தார். ஏணி, சின்ன எல்இடி விளக்கு ஒன்று, கறுப்பு அட்டை இரண்டு துண்டு. அவருடைய உதவியாளர் இரண்டாம் நிலைத் திண்டின் விளிம்பில் விளக்கை வைத்துக் கீழ் நோக்கித் திருப்ப, இவர் கீழே நின்று "இன்னும் சுவரை ஒட்டி, இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒளி சுவரை உரசிக்கொண்டு மேலிருந்து வழிந்ததும், அதுவரை தட்டையாக இருந்த ஒரு சுதைப் பெண்ணுக்குத் திடீரென்று விரல்கள் வந்தன. கை முழுக்க வளையல்கள். ஸ்தபதி அத்தனை வளையல் போட்டிருந்ததை அன்றுதான் பார்த்தோம். அட்டையை நீட்டி ஒளி வானத்துக்குத் தப்பாமல் மறைத்துக் காட்டினார். சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது. விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்கிறோம்; நிறங்களை எந்த அளவுக்கு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கும், சிவப்பைத் தனியாக எப்படிக் காட்டுகிறது என்பதற்கும் எண்கள் இருக்கின்றன. மலிவு எல்இடிகள் பெரும்பாலும் சிவப்பில்தான் கோட்டை விடும். குங்குமம் இட்டு வாழ்கிற கோயிலுக்குச் சிவப்பு போனால் என்ன மிச்சம்?

கலசத்தில்தான் சண்டை வந்தது. அவருடைய வரைபடத்தில் கலசத்துக்கு விளக்கே இல்லை. சங்கத்தின் மூத்தவர் ஒருவர் மேசையைத் தட்டினார். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம். கலசம் தெரியாமல் என்ன தரிசனம்? குன்றின் மேலிட்ட விளக்காக இருக்க வேண்டாமா?" வடிவமைப்பாளர் பதறவில்லை. கீழிருந்து கலசத்துக்கு அடிக்கும் விளக்கில், கலசத்தின் மேல் படுகிற ஒளி கொஞ்சம்தான், மற்றதெல்லாம் ஆகாயத்துக்குப் போகிறது, மலையிலிருந்து இறங்குகிற குஞ்சு முதலில் பார்ப்பது அதைத்தான் என்று தாளில் வரைந்து காட்டினார். மூத்தவர் ஒப்பவில்லை. மூன்று கூட்டம் இதே பேச்சு. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. மேல்நிலையின் ஒளி கலசத்தின் செம்பில் பட்டுத் திரும்புவதே சாதாரண நாட்களுக்குப் போதும். தைப்பூசம், நவராத்திரி போன்ற நாட்களுக்கு மட்டும் குறுகிய ஒளிக்கற்றை ஒன்று, அதற்குத் தனி சுவிட்ச். ஏப்ரலில் அந்த சுவிட்சைத் தொடவே கூடாது. இரு தரப்பையும் கேட்டு, எதை விட்டுக்கொடுக்கலாம் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அறிந்து, அதை ஒரு சுவிட்சாக மாற்றிக் கொடுத்ததை எந்த விளக்குக் கடையிலும் வாங்க முடியாது.

வாசற்படிக்கு அவர் செய்தது மிக எளிமையானது. கண்ணில் குத்திய விளக்குகளை எடுத்துவிட்டு, கைப்பிடிக்கு அடியில் மறைத்து ஒளி வைத்தார். படியின் விளிம்பு மட்டும் தெரியும், விளக்கு தெரியாது. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் ஒளி இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றும், அதே கண்ணுக்குக் கூச்சம் மட்டும் அதிகம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படியில் யாரும் விழவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பொருளாளர்கள் படிப்பார்கள். பழைய விளக்குகள் மொத்தம் 2,800 வாட், பதினொரு மணி நேரம் எரிந்து ஓர் இரவுக்கு ஏறத்தாழ 31 யூனிட் தின்றன. இப்போது இருப்பவை 38 சின்ன விளக்குகள், எல்லாம் சேர்ந்து 520 வாட், மாலை ஆறு முதல் இரவு பத்து வரை. இரண்டு யூனிட். வடிவமைப்பாளரின் கட்டணம், முதல் தடவை நாங்கள் விளக்குக்கும் கூலிக்கும் கொடுத்ததில் ஏறத்தாழப் பாதி. ஆக, முதலிலேயே அவரை அழைத்திருந்தால் விளக்கு ஒரு தடவை மட்டும் வாங்கியிருப்போம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது பழைய ஃபிளட்லைட்டுகளில் மூன்று பிய்த்துக்கொண்டு போயின. உப்புக்காற்றில் அவற்றின் திருகாணிகள் இரண்டே வருடத்தில் துருவாகியிருந்தன. கடலோரத்தில் எந்த உலோகம், எந்தத் திருகாணி என்று எழுதிக் கொடுப்பதும் அவர்கள் வேலையில் சேர்த்தி.

சட்டமும் இருக்கிறது. பிரான்சில் ஒளி மாசைக் கட்டுப்படுத்த 2018 டிசம்பர் 27இல் வந்த ஆணைப்படி, கட்டடங்களை அழகுக்காக ஒளியூட்டும் விளக்குகள் அதிகாலை ஒரு மணிக்குள் அணைய வேண்டும். நாங்கள் விடிய விடிய எரித்துக்கொண்டிருந்தோம். யாரும் வந்து கேட்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

புதுக் கோயில் கட்டுகிறவர்கள், கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடமோ கட்டுகிறவர்கள் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். வரைபடம் தாளில் இருக்கும்போதே ஒளி வடிவமைப்பாளரை அழையுங்கள் என்றுதான் சொல்கிறேன். கம்பிக்குழாய் போகும் வழியைச் சுவர் எழும்புவதற்கு முன்பே தீர்மானித்தால் செலவு குறையும். எங்கள் கோபுரத்தில் முடிந்த வேலையைக் கீறித்தான் புதுக் கம்பிகளைப் போட வேண்டியிருந்தது. ஸ்தபதியின் கைவண்ணத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு இடங்களில் வேறு நிறம் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிறார்கள். தினமும் என் கண் அங்கேதான் போகிறது.

2025 ஏப்ரலில் இருபது நாள் கோபுரத்துக்கு விளக்கே போடவில்லை. வருடாவருடம் இந்த மாதத்தில் நடக்கும் 'ஒளியில்லா இரவுகள்' இயக்கத்தில் எங்கள் சங்கமும் சேர்ந்துகொண்டது. பூஜை முடிந்ததும் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியும் கைவிளக்குமாக மதிலைச் சுற்றி வந்தார்கள். எங்கள் வாசலில் ஒன்றும் விழவில்லை. மாதக் கடைசி அமாவாசைக்கு முந்தைய இரவு, அடுத்த தெருவிலிருக்கும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு குஞ்சு விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. அங்கே விடிய விடிய வெள்ளை விளக்கு எரிகிறது. அன்று என் முந்தானையை இழுத்த பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. என்னைக் கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தக் கார் நிறுத்துமிடத்தின் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வடிவமைப்பாளரின் முகவரியையும் அதில் சேர்த்திருக்கிறேன்.